நாடா இல்லாத பூட்ஸ்

என் தங்கை மகனுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால் சொல்லிக்கொண்டு போக வந்தான். நமஸ்காரம் ஆயிற்று, காப்பி ஆயிற்று. பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, அங்கே போனதும் பூட்ஸ் வாங்கணும். ஒரே ஒரு ஜோடிதான் கட்டுப்படியாகும். ஆபீஸுக்கும் அதுதான், மழைக்கும் அதுதான், யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் அதுதான். செல்ஸி பூட்ஸ்னு ஒண்ணு இருக்கே, அது தேவலையா?"

படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் தீராதவன் அவன். ஒரு ஜோடி பூட்ஸ் அவனுக்கு அற்ப விஷயமல்ல. நானோ ஆயுளில் முக்கால் பாகத்தைச் செருப்பிலேயே கழித்தவன். என்னிடம் வந்து கேட்கிறானே என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் தாய்மாமன் 'தெரியாது' என்று சொல்லிவிட முடியுமா? "நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டு, அன்று ராத்திரி புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். பூட்ஸைத் தேடிப் போனவனுக்கு ஒரு சரித்திரமே கிடைத்தது.

செல்ஸி பூட்ஸ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் தோல் பூட்ஸ். நாடா கிடையாது, பொத்தான் கிடையாது, வார் கிடையாது. இரண்டு பக்கமும் கணுக்கால் எலும்பை ஒட்டி எலாஸ்டிக் துணி வைத்துத் தைத்திருக்கும். பின்னால் ஒரு சின்னக் காது. அதைப் பிடித்து இழுத்தால் கால் உள்ளே போய்விடும். ஜோத்பூர் பூட்ஸ் என்று நம் ராஜபுதனத்துப் பெயரைத் தாங்கிய ஒன்றும் உண்டு. அது இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். அதில் எலாஸ்டிக்குக்குப் பதிலாக ஒரு வாரும் கொக்கியும் இருக்கும்.

1837-ம் வருஷம் ஜூன் மாதம் விக்டோரியா தம் பதினெட்டாவது வயதில் சிம்மாசனம் ஏறினார். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் போட்ட பூட்ஸுக்கு நாடா கோக்க வேண்டும், அல்லது வரிசையாகப் பொத்தான் மாட்ட வேண்டும். பொத்தான் மாட்டுவதற்கென்றே ஒரு கொக்கி வைத்திருப்பார்கள். பணிப்பெண் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். நடக்கிறபோது நாடா அவிழும். பொத்தான் தெறித்து விழும்.

லண்டன் ரீஜண்ட் வீதியில் ஜோசப் ஸ்பார்க்ஸ் ஹால் என்ற பூட்ஸ் வியாபாரி இருந்தார். அரண்மனைக்குப் பாதரட்சை செய்து கொடுத்தவர். தொழிலை வெறும் தொழிலாக மட்டும் பார்க்காமல், 1846-ல் பாதத்தைப் பற்றியும் பாதரட்சைகளின் சரித்திரத்தைப் பற்றியும் ஒரு புஸ்தகமே எழுதி வெளியிட்டார். இந்தப் பக்கவாட்டு எலாஸ்டிக் அவருடைய யோசனைதான். முதல் ஜோடியை 1837-லேயே மகாராணிக்குச் செய்து கொடுத்ததாக அவர் சொல்லிக்கொண்டார். மகாராணி தினந்தோறும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார் என்பதை விட வேறு என்ன அத்தாட்சி வேண்டும் என்றும் விளம்பரம் செய்தார். கெட்டிக்கார வியாபாரி!

ஆனால் யோசனை நன்றாக இருந்ததே தவிர, சாமான் சரியாக அமையவில்லை. முதல் முயற்சிகள் ஒழுங்காக உழைக்கவில்லை. காரணம், அன்றைய ரப்பர்.

அன்றைய ரப்பர் சமாசாரம் வேடிக்கையானது. பிரேஸில் காட்டு மரங்களின் பாலை உறைய வைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். குளிரில் அது கட்டையாக விறைக்கும். வெயிலில் வெல்லப் பாகு மாதிரி இளகி ஒட்டும். இதோடு மல்லுக்கு நின்றவர்களில் ஒருவர் லண்டன்காரர் தாமஸ் ஹான்காக். 1820-லேயே கையுறைக்கும் காலுறைக்கும் ரப்பர் பட்டி வைக்கக் காப்புரிமை வாங்கியவர். ரப்பர்த் துண்டுகளை அரைத்துப் பிசைய ஒரு யந்திரமும் செய்தார். அதன் ரகசியம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அவர் அந்த யந்திரத்துக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஊறுகாய்'! கேட்கிறவர்கள் சமையலறைச் சாமான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம் போலிருக்கிறது.

சமுத்திரத்துக்கு அப்பால், அமெரிக்காவில், சார்லஸ் குட்இயர் என்ற மனிதருக்கும் இதே ரப்பர்ப் பித்து. இரும்புச் சாமான் வியாபாரம் நொடித்துக் கடனாளியாகிச் சிறைக்குப் போனவர். சிறையிலேயே மனைவியிடம் சப்பாத்திக் குழவி போன்ற ஓர் உருட்டுக் கட்டையைக் கேட்டு வாங்கி, அங்கேயே ரப்பரைப் பிசைந்துகொண்டிருந்தார் என்று சொல்வார்கள். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. ஒரு கட்டத்தில் பிள்ளைகளுடைய பள்ளிக்கூடப் புத்தகங்களையும் விற்றார். அந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாவலாசிரியன் இப்படி ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்து எழுதினால் 'மிகையாக இருக்கிறதே' என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள்.

1839-ல் மாஸசூஸெட்ஸில் உள்ள ஊபர்ன் என்ற ஊரில் ஒருநாள், கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று தற்செயலாகச் சூடான அடுப்பில் பட்டது. உருகி வழிய வேண்டிய ரப்பர் உருகவில்லை. தோல் கருகுவதைப் போலக் கருகியது. அதைச் சுற்றியிருந்த பாகம் குளிருக்கும் விறைக்கவில்லை, வெயிலுக்கும் இளகவில்லை. இழுத்தால் நீண்டது, விட்டால் பழையபடி சுருங்கியது. ரப்பரின் குணமே மாறிவிட்டது!

அந்தச் சரக்கின் மாதிரித் துண்டுகள் இங்கிலாந்துக்கு வந்து ஹான்காக்கின் கண்ணில் பட்டன. 'ஊறுகாய்'க்காரர் சும்மா இருப்பாரா? கந்தகத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்து 1843 நவம்பரில் காப்புரிமைக்கு மனுச் செய்துவிட்டார். குட்இயர் இங்கிலாந்தில் மனுப் போட்டபோது சில வாரங்கள் தாமதமாகிவிட்டது. அமெரிக்காவில் 1844-ல் அவருக்கு உரிமை கிடைத்தது. ஆனால் அங்கேயும் வழக்குகள். 1852-ல் டேனியல் வெப்ஸ்டர் என்ற பெரிய வக்கீல் அவர் பக்கம் வாதாடி ஜெயித்துக் கொடுத்தார். கேஸ் ஜெயித்தது, கடன் தீரவில்லை. 1855-ல் பாரிஸில் கடனுக்காக மறுபடியும் சிறை. அந்தச் சிறைக்குள்தான் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி அளித்த கௌரவப் பதக்கம் அவருக்கு வந்து சேர்ந்தது. 1860-ல் அவர் கண்ணை மூடியபோது பாக்கிக் கடன் ஏறக்குறைய 2,00,000 டாலர். இன்று மோட்டார் டயரில் அவர் பெயரைப் பார்க்கிறோம். அந்தக் கம்பெனி 1898-ல் வேறு யாரோ ஆரம்பித்து மரியாதைக்காக வைத்த பெயர். அவர் குடும்பத்துக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

புது ரப்பர் வந்தது. ஸ்பார்க்ஸ் ஹாலின் யோசனைக்கும் உயிர் வந்தது. ரப்பர் இழையையும் நூலையும் சேர்த்து நெய்த எலாஸ்டிக், ஆயிரம் தடவை இழுத்தாலும் கணுக்காலை விட்டுக் கொடுக்கவில்லை. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அவர் தம் பூட்ஸுகளைக் கொண்டுபோய் வைத்தார். ஆண், பெண் இரு பாலாரும் அதை விரும்பி அணிந்தார்கள். அமெரிக்காவில் அதற்குக் 'காங்கிரஸ் பூட்ஸ்' என்று பெயர். நம் காங்கிரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

அப்பன் கதையோடு குட்இயர் கதை முடியவில்லை. அவர் மகன் பெயரும் சார்லஸ்தான். ரப்பர் அப்பனை என்ன பாடு படுத்தியது என்று பார்த்ததாலோ என்னவோ, மகன் தோல் பக்கம் போனார். 1869 முதல் சில ஆண்டுகள், முன்பே இருந்த ஒரு தையல் யந்திரத்தைத் திருத்திச் செப்பனிட்டு, பூட்ஸுக்கு அடி தைக்கும் புதிய யந்திரமாக்கினார். பூட்ஸின் மேல்தோலைச் சுற்றிலும் அடியில் ஒரு தோல் பட்டியை வைத்துத் தைப்பது. பிறகு 'சோல்' என்கிற அடியை அந்தப் பட்டியோடு வேறொரு தையலால் இணைப்பது. இதுதான் முறை. அந்தப் பட்டிக்கு 'வெல்ட்' என்று பெயர். அடி தேய்ந்தால் வெளித் தையலை மட்டும் பிரித்துப் புது அடி போட்டுவிடலாம்; மேல்தோலுக்கு ஒரு சேதமும் இல்லை. இன்றைக்கும் நல்ல செல்ஸி பூட்ஸில் அப்பன் பக்கவாட்டில் இருக்கிறார், பிள்ளை அடியில் இருக்கிறார்.

நம்மவர்களுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேஸிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தது கொஞ்சம்தான். அந்தக் கன்றுகள் இலங்கைக்குப் போயின. ரப்பர் மரம் மலாயாவிலும் பரவியது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபின் உலகத்துக்கு வேண்டிய ரப்பரில் பெரும் பகுதி கீழ்த்திசைத் தோட்டங்களிலிருந்தே போயிற்று. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டியவர்களில் எத்தனையோ பேர் தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிய தமிழர்கள். லண்டன் துரையின் கணுக்காலைக் கவ்விப் பிடித்த எலாஸ்டிக்கில், செருப்பில்லாமல் நடந்த அவர்களுடைய உழைப்பும் கலந்திருந்தது.

முதல் உலக மகாயுத்தத்துக்குப் பிறகு மோஸ்தர் மாறியது. பக்கவாட்டு எலாஸ்டிக் பூட்ஸ் கிழவர்களின் சொத்தாயிற்று. ஆனால் ஆஸ்திரேலியாவின் மாட்டுப் பண்ணைக்காரர்கள் மட்டும் அதை விடவில்லை. குதிரை ஏறுகிறவனுக்கு நாடா ஓர் ஆபத்து. அங்கவடியில் சிக்கினால் உயிருக்கே மோசம். ஆர். எம். வில்லியம்ஸ் என்பவர் வறுமையில் வாடியபோது, 'டாலர் மிக்' என்று பெயர் வழங்கிய ஒரு நாடோடியிடம் தோல் வேலை கற்றுக்கொண்டார். 1930-களில் அடிலெய்டில் தம் தகப்பனார் வீட்டில் தொழில் நடத்தினார். மேல்பாகம் முழுவதையும் ஒரே தோலில் வெட்டி, பின்பக்கம் மட்டும் ஒரு தையல் போட்ட அவருடைய பூட்ஸ், பிற்பாடு உலகப் பிரசித்தியாயிற்று.

'செல்ஸி' என்ற பெயர் கடைசியில் வந்ததுதான். லண்டனில் செல்ஸி ஒரு பேட்டை. அங்கே கிங்ஸ் ரோடில் 1955-ல் மேரி குவாண்ட் என்ற பெண்மணி ஒரு துணிக்கடை திறந்தார். சித்திரக்காரர்களும் சினிமாக்காரர்களும் வசதி படைத்த இளைஞர்களும் அந்த வட்டாரத்தில் கூடினார்கள். பாட்டன் காலத்துப் பூட்ஸைப் பேரன்மார் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். பேட்டையின் பெயரே பூட்ஸுக்கும் ஒட்டிக்கொண்டது. 1961-ல் லிவர்பூலைச் சேர்ந்த ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் லண்டனில் நாடகக்காரர்களுக்குப் பாதரட்சை செய்யும் அனெல்லோ அண்ட் டேவிடே கடையில் இதைப் பார்த்து, குதியைச் சற்று உயர்த்தி நான்கு ஜோடி செய்யச் சொன்னார்கள். பிறகு பீட்டில்ஸ் என்ற பெயரை அறியாதவர் யார்?

மகாராணி, மாட்டுக்காரன், பாட்டுக்காரன் மூன்று பேருக்கும் ஒரே பூட்ஸ் எப்படிப் பொருந்தியது? ராத்திரி வெகு நேரம் யோசித்தேன். அதில் இருப்பதைக் காட்டிலும் இல்லாததுதான் காரணம் என்று தோன்றியது. பூ வேலை இல்லை, கொக்கி இல்லை, நாடா இல்லை. இன்னாருடைய பூட்ஸ் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. அதனால்தான் யார் போட்டாலும் அவருடையதாகிவிடுகிறது. ஒரே ஜோடி வாங்குகிறவன் இந்த மொட்டைத்தனத்தைக் கெடுத்துவிடக் கூடாது.

மறுநாள் வந்தவனிடம் சொன்னேன்:

"பேஷாக வாங்கு. ஆனால் முனை கூராக இருக்க வேண்டாம், மழுங்கலாகவும் வேண்டாம். வாதுமைப் பருப்பு மாதிரி இருக்கட்டும். குதி தாழ்வாக இருக்கட்டும். உங்கள் ஆபீஸில் தினம் கறுப்பு சூட் போட வேண்டுமென்றால் கறுப்பு. இல்லையென்றால் கரும்பழுப்பு, அது எல்லாவற்றோடும் சேரும். ஸ்வேடு என்கிற சொரசொரப்புத் தோல் பார்க்க அழகுதான். ஆனால் மழைக்கும் சேற்றுக்கும் ஆகாது. வழவழப்புத் தோலே எடு. அந்த ஊர் ஈரத்துக்குத் தோல் அடி வழுக்கும். மெல்லிய ரப்பர் அடியாகப் பார். முக்கியமாக, அடி ஒட்டியதா, வெல்ட் வைத்துத் தைத்ததா என்று கேள். காசைப் பெயருக்குக் கொடுக்காதே, தையலுக்குக் கொடு. நாடா இல்லாததால் தளர்ச்சியை இறுக்கிக்கொள்ள வழியில்லை. அதனால் அளவு சரியாக இருந்தாக வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால வேளையில், அங்கே போடப்போகிற காலுறையோடு போட்டுப் பார். மேல்பாதம் கெட்டியாகப் பிடிக்கணும், விரல் நெருக்கப்படக் கூடாது. எலாஸ்டிக்கை விரலால் இழுத்துவிட்டுப் பார். அலை அலையாகத் தொங்கினால் வேண்டாம்."

"இவ்வளவும் எப்படித் தெரியும், மாமா?" என்றான்.

"கடன்பட்ட ஒரு மனுஷர் சொல்லிக் கொடுத்தார்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

போய் மூன்றாம் வருஷம் லீவில் வந்தான். கரும்பழுப்பு பூட்ஸ். அடி ஒரு தடவை தேய்ந்து புது அடி போட்டாயிற்றாம். மேல்தோல் முன்னைவிடப் பளபளத்தது. படிப்புக் கடனும் தீர்ந்துவிட்டதாகச் சொன்னான்.

வாசலில் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஒரு காலின் நுனியால் மற்றொரு குதியை அழுத்தினான். பூட்ஸ் இரண்டும் திண்ணையோரம் கழன்று நின்றன. குனியாமல், உட்காராமல், ஒரு நிமிஷமும் ஆகாமல் வெறுங்காலோடு படி ஏறிவிட்டான். "இப்படிக் கழற்றினால் குதி கெட்டுப்போகுமேடா!" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து அவன் அம்மா ஓடிவந்துவிட்டாள்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போகிற ஜாதி நாம். நமக்கென்றே செய்த பூட்ஸ் போலிருந்தது அது.