முதல் மூன்று மாத உதிரப்போக்கு: வடசேரியிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முதல் மூன்று மாதங்களில் உதிரம் படுகிறது. அவர்களில் பாதிப்பேரோ அதற்கும் மேலோ கருவைச் சுமந்து குழந்தை பெறுகிறார்கள். இதை உறுதியாகச் சொல்ல மருத்துவத்துக்கு வெகுகாலம் பிடித்தது. அதுவரை வீடுகள் வேறொன்றைச் சொல்லின: குடம் தூக்கியிருப்பாள், பப்பாளி தின்றிருப்பாள்.

வடசேரியும் நாகர்கோவிலும் அடங்கிய நாஞ்சில் நாட்டில் பேறு பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். பிரசவத்தில் தேர்ந்த கை அவர்களுடையது. ஆனால் ஏழாம் வாரத்தில் கருப்பைக்குள் நடப்பதை அறிய அவர்களுக்கு வழியில்லை. அன்றைய இலண்டன் மருத்துவருக்கும் இல்லை. இதை மறந்துவிட்டு மருத்துவச்சியை மட்டும் பழிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

இப்பகுதி அன்று சேர்ந்திருந்த தென் திருவிதாங்கூருக்கு மேற்கத்திய மருத்துவம் 1838இல் நெய்யூரில் இலண்டன் மிஷன் வழியாக வந்தது. நாகர்கோவிலில் 1893இல் இரட்சணிய சேனை ஊழியர் ஹாரி ஆண்ட்ரூஸ் ஒரு குளியலறையை மருந்தகமாக்கினார். 1900இல் வந்த மருத்துவர் பெர்சி டர்னர் அதை வளர்த்தெடுத்தார். அதுவே இன்றும் வடசேரியில் இயங்கும் கேதரின் பூத் மருத்துவமனை. திருவனந்தபுரத்தில் தைக்காடு பெண்கள் மருத்துவமனையில் 1916இல் மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ் பணியேற்றார். 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாகவும் ஆனார்.

அக்காலத்து மருத்துவத்தால் கருவைக் காக்க முடிந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. காக்க முடிந்தது தாயை. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் உள்ளே இரத்தம் கொட்டிப் பெண் மாண்டுபோவாள். 1883இல் பர்மிங்காமில் லாசன் டெய்ட் வயிற்றைத் திறந்து குழாயைக் கட்டி, அப்படியொரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டறிந்தது, பிற்காலத்தில் இரத்தம் ஏற்றுவதைப் பாதுகாப்பானதாக்கியது.

கருவைக் காக்கும் ஆசையே ஒரு பெருந்தவறுக்கும் இட்டுச் சென்றது. 1940களிலிருந்து மேலைநாடுகளில் கருச்சிதைவைத் தடுக்கவென்று டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மாத்திரை கொடுக்கப்பட்டது. பயனில்லை என்று 1953இலேயே சிகாகோ ஆய்வு காட்டியும் அது நிற்கவில்லை. அந்தத் தாய்மாரின் மகள்களுக்கு அரியவகைப் புற்றுநோய் வருவது 1971இல் தெரியவந்த பிறகே கைவிடப்பட்டது. முழுப் படுக்கை ஓய்வு கருவைக் காக்கும் என்பதற்கும் இதுவரை சான்றில்லை. ஆனால் நம் வீடுகளில் அந்த நம்பிக்கை இன்னும் போகவில்லை.

உண்மையான திருப்பம் 1958இல் கிளாஸ்கோவில் நேர்ந்தது. இயன் டொனால்டு ஒலி அலைகளால் வயிற்றுக்குள்ளே பார்த்தார். ஸ்கேன் வந்தபின், கருவின் துடிப்பு இருக்கிறதா, குழாயில் தங்கியதா, கருவாக வளராத முத்துப்பிள்ளையா என்று பிரித்தறிய முடிந்தது. தானாகக் கலையும் கருக்களில் பாதியளவுக்குக் காரணம் குரோமோசோம் பிழை என்பதையும் ஆய்வுகள் காட்டின. குடமும் பப்பாளியும் சுமந்த பழி அங்கே உதிர்ந்திருக்க வேண்டும். உதிரவில்லை. மருத்துவம் முன்னேறிய அளவுக்கு வீட்டுப் பேச்சு முன்னேறவில்லை என்பதே இவ்வரலாற்றில் எனக்குப் படும் குறை.

இன்று வடசேரியிலிருந்து சில கிலோமீட்டரில் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கருவுற்றவளுக்கு உதிரம் பட்டால் அன்றே அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஒரு பக்கம் கடுத்த வயிற்றுவலியோ, தோள்வலியோ, மயக்கமோ சேர்ந்தால் 108ஐ அழையுங்கள். நெகட்டிவ் இரத்த வகையென்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். என்ன தூக்கினாய் என்று மட்டும் அவளைக் கேட்காதீர்கள்.