தியாகராய நகர்: மனைகளும் கடைகளும்

சென்னையின் தியாகராய நகர், ஏரியைத் தூர்த்து எழுப்பிய குடியிருப்பு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த மாம்பலம் ஏரி, 1920ஆம் ஆண்டின் நகரத் திட்டச் சட்டத்துக்குப் பிறகு, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் மனைகளாக மாறத் தொடங்கியது. கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியார் 1925இல் காலமானார். நகருக்கு அவர் பெயர். நடுவிலிருந்த பூங்காவுக்கு முதலமைச்சராயிருந்த பனகல் அரசரின் பெயர். டி.எம். நாயர், முகமது உஸ்மான் ஆகியோர் சாலைகளில் இடம்பெற்றார்கள். ஒரு கட்சியின் வரலாற்றையே தெருப்பலகைகளில் படிக்கலாம். ஏரியாயிருந்த தாழ்ந்த நிலம் மட்டும் தாழ்ந்தே இருந்தது. 2021 நவம்பர் மழையில் இங்கே பல தெருக்களில் நீர் நின்றது.

வீடு கட்டும் முறையும் இங்கே மாறியது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணியின் பழைய வீடுகள் பக்கச்சுவரைப் பகிர்ந்துகொண்டு தெருவை ஒட்டி நிற்பவை. வாசலில் திண்ணை, உள்ளே முற்றம்; வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே இறங்கும். மாம்பலத்து வீடு மனையின் நடுவே தனித்து நின்றது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. வசதியுள்ளவர்கள் இரண்டு, மூன்று கிரவுண்டு வாங்கினார்கள். சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர், இரும்பு கேட், முன்னால் போர்டிகோ, பின்னால் கிணறு, தென்னை, மா. நாலு பக்கமும் ஜன்னல் வைக்க முடிந்ததால் முற்றம் தேவையற்றுப் போனது. கூரைக்குத் தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை பூசும் மெட்ராஸ் டெரஸ். தரைக்குச் சிவப்புச் சிமெண்ட். திண்ணை போனது பெரிய இழப்புதான். வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறும் இடத்தில் இப்போது பூட்டிய கேட் இருந்தது.

இத்தகைய வீட்டை வக்கீலும் அரசு அலுவலரும் நாடியதற்கு, வீட்டைச் சுற்றி அமைந்த வசதிகளே காரணம். மாம்பலம் ரயில் நிலையம் ஏற்கெனவே இருந்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதும், ஜார்ஜ் டவுனில் வேலை பார்ப்பவர் அன்றாடம் போய்த் திரும்புவது எளிதாயிற்று. பூங்காவை நோக்கி அகலமான சாலைகள் வந்து கூடின. பள்ளிகள் வந்தன. அன்றாடச் சாமான்களுக்குப் பாண்டி பஜார். கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோக்கள் பெருகியபின் திரையுலகினரும் குடியேறினார்கள். சிவாஜி கணேசனின் அன்னை இல்லம் போக் ரோட்டில்தான். ராஜாஜி பஸ்லுல்லா ரோட்டில் வாழ்ந்தார்.

குடியிருப்போருக்கு உதவிய அதே ரயிலும் சாலையும்தான் வெளியூர்க் கூட்டத்தையும் கொண்டுவந்து சேர்த்தன. பனகல் பூங்காவைச் சுற்றிப் பட்டுக்கடைகளும் நகைக்கடைகளும் பெருகின. நிலையத்திலிருந்து உஸ்மான் ரோட்டுக்குச் செல்லும் ரங்கநாதன் தெரு இதற்குச் சரியான சாட்சி. வீடுகள் இருந்த அந்தக் குறுகிய தெருவில் பாத்திரக்கடை, துணிக்கடை, பல மாடி அங்காடி என அடுக்கடுக்காக எழும்பின. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அங்கே கூட்டம் தள்ளுகிற திசையில்தான் நடக்க முடியும். உட்தெருக்களிலோ தனிவீடுகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டப்பட்டன. ஒரு குடும்பத்தின் கிணறும் தோட்டமும் இருந்த மனையில் பல குடும்பங்களின் கார் நிறுத்துமிடம் வந்தது.

நடப்பவருக்கு இடம் தேடும் முயற்சிகள் பிந்தித்தான் வந்தன. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. 2023இல் மாம்பலம் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் ஆகாய நடைபாலம் இணைத்தது.