கோல்ஃப் ஜிடிஐயா, பெஜோ 205 ஜிடிஐயா? ஒரு பழைய சண்டையும் கொஞ்சம் எலும்பு முறிவும்

2025 மே மாசம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ முதல்முறையா இந்தியாவுல விற்பனைக்கு வந்தது. விலை சுமார் 53 லட்சம். அரசு மருத்துவர் சம்பளத்துக்கு அதை யூடியூப்ல பாக்கலாம், டேட்டா செலவோட முடிஞ்சிடும்.

ஆனா அந்த "ஜிடிஐ"ங்கிற மூணு எழுத்துக்குப் பின்னாடி ஐம்பது வருஷக் கதை ஒண்ணு இருக்கு. தினமும் ஆபீஸ் போற காரும் வேகமா ஓட்டி ரசிக்கிற காரும் ஒரே காரா இருக்க முடியுமாங்கிற கேள்விதான் அந்தக் கதை. 1980-கள்ல ஐரோப்பாவுல, முக்கியமா பிரிட்டன்ல, இதுக்கு ரெண்டு பதில் இருந்துச்சு. ஒண்ணு ஜெர்மன்காரன் பதில், கோல்ஃப் ஜிடிஐ. இன்னொண்ணு பிரெஞ்சுக்காரன் பதில், பெஜோ 205 ஜிடிஐ. நம்ம ஊர்ல ரெண்டு நடிகர்களோட ரசிகர்கள் மோதிக்கிற மாதிரி, இன்னிக்கும் அங்க கார் பிரியர்கள் இதை வெச்சு மோதிக்கிறாங்க.

கார் பத்தி டாக்டர் ஏன் பேசணும்னு கேக்கலாம். பொறுமையா படிங்க, நடுவுல கேஷுவாலிட்டி வரும்.

முதல்ல பின்னணி. 1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெய்யை நிறுத்தின. மேற்கு ஜெர்மனியில அந்த நவம்பர், டிசம்பர்ல நாலு ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டவே தடை. வேக வரம்பே இல்லாத ஆட்டோபானில் சில மாதங்களுக்கு 100 கிமீ வரம்பு. மக்கள் நெடுஞ்சாலையில நடந்து போனாங்க, சைக்கிள் ஓட்டினாங்க. ஃபோக்ஸ்வாகன் நிலைமையும் மோசம். பீட்டில் காருக்கு வயசாகிவிட்டது. 1974-ல் மட்டும் 80 கோடி மார்க்குக்கு மேல நஷ்டம். அதே வருஷம்தான் ஜுஜாரோ வடிவமைத்த கோல்ஃப் சந்தைக்கு வந்தது. கம்பெனியோட உயிரே அந்தக் காரை நம்பித்தான் இருந்துச்சு.

இந்த நேரத்துல "வேகமான கார் பண்ணலாம்"னு சொன்னா யார் கேப்பாங்க? அல்ஃபோன்ஸ் லோவன்பெர்க் என்கிற இன்ஜினியர் 1973 மார்ச்சிலேயே சக பணியாளர்களுக்கு இப்படி ஒரு யோசனையை எழுதி அனுப்பியிருந்தார். பெருசா வரவேற்பு இல்லை. ஆனாலும் பத்திரிகைத் தொடர்புப் பிரிவுத் தலைவர் ஆன்டன் கொன்ராட் உட்பட ஒரு சின்னக் கூட்டம் ரகசியமா வேலையில் இறங்கியது. முதல்ல சிரோக்கோ கார்ல பரிசோதனை, அப்புறம் கோல்ஃபுக்கு மாறினாங்க. ஆடி 80 ஜிடிஇ-யில் இருந்த 1.6 லிட்டர் இன்ஜின், பாஷ் கம்பெனியோட ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், 110 குதிரைத்திறன். காரின் எடை சுமார் 810 கிலோதான்.

1975 செப்டம்பர்ல ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில காட்டினாங்க, 1976 ஜூன்ல விற்பனை. உச்ச வேகம் 182 கிமீ. மொத்தமே 5,000 கார் வித்தா போதும்கிறதுதான் திட்டம். வித்தது முதல் தலைமுறையில் மட்டும் 4,60,000-க்கும் மேல.

ஒரு சின்ன இடைச்செருகல். அந்தக் கட்டம் போட்ட சீட் துணியையும், கோல்ஃப் பந்து வடிவ கியர் குமிழையும் வடிவமைத்தவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்கிற பெண். இன்னிக்கு வர்ற ஜிடிஐ வரைக்கும் அந்தக் கட்டம் போட்ட துணி தொடருது. இன்ஜின் பத்திப் பேசுறவங்க நிறைய பேர் இவங்க பேரைச் சொல்றதில்ல.

இதுக்கு முன்னாடி வேகமான சின்ன கார் இல்லையான்னா, இருந்துச்சு. 1961-ல் வந்த மினி கூப்பர் மான்டி கார்லோ ராலியையே ஜெயிச்சது. ரெனோ 5 ஆல்பைன் கோல்ஃப் ஜிடிஐ வந்த அதே 1976-ல் வந்தது. ஆனா கோல்ஃப்தான் "வாரம் முழுக்க குடும்பத்தோட ஓட்டலாம், ஞாயித்துக்கிழமை தனியா ஓட்டலாம்"கிற இலக்கணத்தை உறுதியாக்கிச்சு. பிரிட்டனுக்கு வந்த வலதுபக்க ஸ்டீயரிங் கார்ல மட்டும் ஒரு குறை. பிரேக் பூஸ்டரை இடதுபக்கமே விட்டுட்டு, பெடலை வலதுபக்கம் வெச்சு, நடுவுல ஒரு கம்பியால இணைச்சிருந்தாங்க. அதனால பிரேக் மிதிச்சா பஞ்சு மாதிரி இருக்கும்னு புகார். 180 கிமீ போற காருக்கு இப்படி ஒரு பிரேக்.

இப்போ பிரான்ஸ். 1978-ல் க்ரைஸ்லரோட ஐரோப்பியப் பிரிவை வாங்கி, அந்தச் சுமையில பெஜோ தடுமாறிக்கிட்டு இருந்தது. 1983-ல் வந்த 205 அவங்களைக் காப்பாத்திச்சு. 1984-ல் அதோட ஜிடிஐ. 1.6 லிட்டர், 105 குதிரைத்திறன், 850 கிலோ. கொஞ்ச நாள்ல 1.9 லிட்டர் வந்தது, 130 குதிரைத்திறன், எடை அப்பவும் 900 கிலோவுக்குள்ள. கூடவே விளம்பரத்துக்கு ராலி வெற்றி. ஜான் டோட் நடத்திய அணி 205 டர்போ 16 காரை வெச்சு 1985, 1986 ரெண்டு வருஷமும் உலக ராலி பட்டத்தை ஜெயிச்சது. அந்தக் காருக்கும் கடையில வித்த காருக்கும் முகஜாடை தவிர பெரிய சம்பந்தமில்லை, இன்ஜினே நடுவுல இருந்துச்சு. வாங்குறவனுக்கு முகஜாடை போதும்.

சரி, 1986-ல் பிரிட்டன்ல ஒரே ஒரு கார் வாங்கக் காசு இருக்கிற ஆளா உங்களை நினைச்சுக்கோங்க. எதை எடுப்பீங்க?

அப்போ கோல்ஃப் இரண்டாம் தலைமுறைக்கு வந்தாச்சு. அஞ்சு கதவு கிடைக்கும், டிக்கி பெருசு, கதவு சாத்தினா "தொப்"னு கனமான சத்தம், பழசா வித்தாலும் நல்ல விலை. 16 வால்வு வேணும்னா 139 குதிரைத்திறன். 205 விலை குறைவு, ஆனா மூணு கதவு மட்டும். உள்ளே பிளாஸ்டிக் கிறீச்சிடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத 1.9-ஐ பார்க்கிங்ல திருப்ப தோள்பட்டை நல்லா இருக்கணும். ஆனா ஒரு மலைச்சாலையில ரெண்டையும் ஓட்டினவன் 205-ஐத்தான் திருப்பிக் கேப்பான். பிரிட்டனோட "கார்" பத்திரிகை அந்தப் பத்தாண்டோட சிறந்த கார்னு 205-ஐத் தேர்ந்தெடுத்தது.

அந்த சுகம் எங்கிருந்து வந்ததுன்னு பாத்தாத்தான் என் வேலை ஆரம்பிக்குது.

205 இலேசானது. பின்பக்கம் இன்னும் இலேசு. வளைவுல வேகமா போறீங்க. "ஐயோ வேகம் கூடிடுச்சு"ன்னு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலைச் சட்டுனு எடுக்கறீங்க. இது மனுஷ இயல்பு, பயந்தா கால் தானா வந்துடும். அந்த நொடியில காரோட எடை முன்பக்கம் சாயும். பின் டயர்கள் தரையைப் பிடிக்கிற பிடி தளரும். பின்பக்கம் வெளியே சுத்திக்கிட்டு வரும். கைதேர்ந்தவனுக்கு இது வரம். காலை லேசா எடுத்தே காரை வளைவுக்குள்ள திருப்புவான். பத்திரிகைக்காரங்க மயங்கினது இதுலதான். மழை பெய்ஞ்ச ராத்திரியில, லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆன பையனுக்கு அதே விஷயம் என்ன ஆகும்? பயந்தா காலை எடுக்கிறது இயல்புன்னு சொன்னேனே, அந்த இயல்பையே தண்டிக்கிற கார் அது. கோல்ஃபும் எல்லை மீறினா தப்பு செய்யும், ஆனா அவ்வளவு சீக்கிரம் இல்ல. முன்னாடியே எச்சரிச்சு, முன்பக்கமா வழுக்கும்.

இந்த வித்தியாசம் கேஷுவாலிட்டியில எப்படித் தெரியும்னா, முன்பக்கமா வழுக்கின கார் பெரும்பாலும் முகப்போட போய் மோதும். முன்னாடி இன்ஜின் இருக்கு, நசுங்குறதுக்கு இரும்பு இருக்கு, சீட் பெல்ட் போட்டிருந்தா அது பிடிக்கும். பின்பக்கம் சுத்தின கார் பக்கவாட்டுல போய் மரத்துலயோ கம்பத்துலயோ மோதும். அங்க உங்களுக்கும் மரத்துக்கும் நடுவுல இருக்கறது ஒரு கதவு, ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். இடுப்பெலும்பு உடையும், விலா உடைஞ்சு நுரையீரலைக் குத்தும், மோதின பக்கத்தைப் பொறுத்து மண்ணீரலோ கல்லீரலோ கிழியும், தலை நேரா கம்பத்துல அடிபடும். "வண்டி திடீர்னு சுத்திடுச்சு சார்"னு கூட வந்தவங்க சொன்னாலே, வயித்துக்குள்ள ரத்தக்கசிவு இருக்கான்னு ஸ்கேன் பண்ணத் தயாராகிடுவோம். வெளிக்காயம் இல்லைங்கிறதை நம்பவே மாட்டோம்.

இன்னொரு கணக்கு. 80 கிமீ-க்கும் 100 கிமீ-க்கும் வித்தியாசம் 20-ன்னு மனசு சொல்லும். மோதும்போது உடம்பு வாங்குற ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80-ஐ விட 100-ல் அது 56 சதவீதம் அதிகம்.

அந்தக் காலத்துல பாதுகாப்பு விதிகளும் தவழ்ந்துக்கிட்டுதான் இருந்தன. மேற்கு ஜெர்மனியில 1976-லேயே சீட் பெல்ட் கட்டாயம், ஆனா போடலைன்னா அபராதம் கிடையாது. 1984-ல் 40 மார்க் அபராதம் வந்தபிறகுதான் ஜனங்க ஒழுங்கா போட்டாங்க. பிரிட்டன்ல முன் சீட்டுக்கு 1983 ஜனவரி 31-ல் கட்டாயம். அதுக்கப்புறம் கண்ணாடி குத்திக் கண் போற கேஸ்கள் அங்க குறைஞ்சதை கண் மருத்துவர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. ஜிடிஐ வரலாற்றை எழுதறவங்க யாரும் இந்தத் தேதிகளை எழுத மாட்டாங்க. என்னைக் கேட்டா 110 குதிரைத்திறனைவிட இதான் பெரிய செய்தி.

1990 வாக்கில் கூத்து முடிஞ்சது. ஃபோர்டு எஸ்கார்ட் எக்ஸ்ஆர்3ஐ, ரெனோ 5 ஜிடி டர்போன்னு வீதிக்கு ஒரு வேகக் கார். எல்லாமே சுலபமா திருடக்கூடிய பூட்டு. வேலையில்லாத இளைஞர்கள் திருடி, குடியிருப்புத் தெருவுல கூட்டம் கூட்டி வித்தை காட்டினாங்க. ஆக்ஸ்ஃபோர்டுல பிளாக்பேர்ட் லேஸ் பகுதியில 1991-ல் போலீஸ் இதை அடக்கப் போய் கலவரம். அது கௌலி கார் தொழிற்சாலைக்குப் பக்கத்துக் குடியிருப்பு. கார் செய்யற ஊர்லயே இது. அதே செப்டம்பர்ல நார்த் ஷீல்ட்ஸ்ல திருட்டுக் காரைப் போலீஸ் துரத்தி ரெண்டு இளைஞர்கள் இறந்தாங்க, அதுக்கும் கலவரம். 1992-ல் காரைத் திருடி ஆபத்தா ஓட்டறதுக்குன்னே தனிச் சட்டம் வந்தது. இன்சூரன்ஸ் பிரீமியம் எகிறிச்சு. இருபது வயசுப் பையனுக்கு காரைவிட இன்சூரன்ஸ் கனவாகிப் போச்சு. 1993-ல் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேற கட்டாயமாகி இன்ஜின்களோட மூச்சை அடக்கிச்சு.

கோல்ஃப் இதுக்குள்ள மூணாவது தலைமுறை. எடை ஆயிரம் கிலோவைத் தாண்டிடுச்சு, திறன் 115-தான். 1976 காரைவிட மெதுவான ஜிடிஐ. ரசிகர்கள் துரோகம்னு கத்தினாங்க, இன்னிக்கும் கத்தறாங்க. அந்தக் கிலோ எல்லாம் எங்க போச்சு? கதவுக்குள்ள இரும்புத் தண்டு, கெட்டியான கூண்டு, பின்னாடி ஏர்பேக். கொஞ்சம் சொகுசுக்கும்தான், மறுக்கலை.

1997-ல் யூரோ என்கேப் சோதனை தொடங்கினப்போ இந்த வாதத்துக்கு பதில் கிடைச்சது. 64 கிமீ-ல், முகப்போட ஒரு பக்கம் மட்டும் மோதுற சோதனை. 1980-ல் மெட்ரோவா பிறந்து பேர் மாறி வந்த ரோவர் 100-க்கு ஒரே நட்சத்திரம். பயணிகள் உட்கார்ற இடமே நொறுங்கிச்சு. அதே வருஷம் அதோட உற்பத்தி நின்னது. 205-ம் அதே பத்தாண்டுல பிறந்த காருதான், 1998-ல் ஓய்வு பெற்றது.

பின்பக்கம் சுத்துற பிரச்சினைக்கு மருந்து வேற இடத்துல இருந்து வந்தது. 1997-ல் ஸ்வீடன்ல ஒரு பத்திரிகை, குறுக்கே கடமான் வந்தா திடீர்னு ஒதுங்குற சோதனையில மெர்சிடிஸ் ஏ-கிளாஸைக் கவிழ்த்துக் காட்டிச்சு. பெரிய அவமானம். அதுவரை பெரிய கார்ல மட்டும் இருந்த மின்னணு நிலைப்படுத்தியை அந்தச் சின்னக் கார்ல மெர்சிடிஸ் எல்லாத்துலயும் பொருத்த வேண்டியதாச்சு. ஸ்டீயரிங் திரும்பின அளவும் கார் உண்மையில சுத்துற அளவும் ஒத்துப்போகலைன்னா, தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் அதுவே பிரேக் போடும். பயந்து காலை எடுத்தவனைத் தண்டிக்காம காப்பாத்தும். 2014 நவம்பர்ல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துல புதுக் கார் எல்லாத்துக்கும் இது கட்டாயம்.

இப்போ கேப்பீங்க, டாக்டர் உங்க ஓட்டு யாருக்குன்னு. அந்தக் காலத்துக் கார்கள்ல ஒண்ணு தினசரிக்குன்னா இரண்டாம் தலைமுறை கோல்ஃப், யோசிக்கவே வேண்டாம். 205-ஐ ஒரு காலியான பந்தயத் தடத்துல, ஹெல்மெட் போட்டு, காய்ஞ்ச ரோட்டுல குடுங்க, நாள் முழுக்க ஓட்டறேன். என் ஹவுஸ் சர்ஜன் பசங்ககிட்ட சாவியைக் குடுக்க மாட்டேன்.

கடைசியா ஒரு தகவல். 2025 ஜூன்ல லெ மான்ஸ்ல பெஜோ, இ-208 ஜிடிஐ-ன்னு ஒரு மின்சாரக் காரைக் காட்டிச்சு. சிவப்பு நிறம், 205-ஐ ஞாபகப்படுத்துற சக்கரங்கள், 280 குதிரைத்திறன். பேட்டரியோட எடை சுமார் 1,600 கிலோ, பழைய 205-ல் கிட்டத்தட்ட ரெண்டு. உள்ளே உக்கார்றவனுக்குப் பிரச்சினை இல்லை. அது போய் இடிக்கப்போற சைக்கிள்காரனைப் பத்திதான் நான் யோசிச்சேன்.