கொத்தவரை விதையின் கொழகொழப்பு

ஜோத்பூரில் ஒரு கோந்து ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். நாம் பிஞ்சிலேயே பறித்துப் பொரியல் செய்துவிடும் கொத்தவரையை அங்கே ‘குவார்’ என்பார்கள். மணல் காட்டில் முற்றவிட்டு விதைக்காகவே அறுப்பார்கள். விதையை உடைத்துத் தோலையும் முளையையும் நீக்கினால் வெளிறிய பருப்பு மிஞ்சும். நீக்கியவை சூரி, கோர்மா என்ற பெயர்களில் மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். பருப்பை அரைத்த மாவில் ஒரு கிராம் போட்டால் 100 மில்லி தண்ணீர் கூழாகிவிடும். அந்தக் கூழின் கெட்டியை அளப்பதுதான் என் வேலை.

உலகம் இந்த விதையைத் தேடி வந்ததும் அந்தக் கெட்டிக்காகத்தான். இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக் கடலோரத்துக் கரோப் விதைக் கோந்து கிடைக்காமல் போகவே, அமெரிக்கக் காகித ஆலைகள் மாற்றுத் தேடின. 1903இலேயே இந்தியாவிலிருந்து அங்கே போயிருந்த கொத்தவரை கைகொடுத்தது. பிறகு ஐஸ்கிரீமிலும் துணி அச்சிலும் புகுந்தது.

நோயாளியின் தட்டுக்கு அது வந்தது 1976இல். ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் சர்க்கரை நோயாளிகளின் காலை உணவில் 16 கிராம் குவாரையும் பெக்டின் என்ற இன்னொரு நார்ப்பொருளில் 10 கிராமையும் சேர்த்தார்கள். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை குறைந்தது. 1978இல் அவர்கள் செய்தது அதைவிட அழகான வேலை. பல நார்ப்பொருள்களைக் குளுக்கோஸ் கரைசலோடு கொடுத்து ஒப்பிட்டபோது குவாரே முந்தியது. அதே குவாரைச் சிதைத்து, கொழகொழப்பை அழித்துக் கொடுத்தார்கள், பலன் போய்விட்டது! நாளெல்லாம் கெட்டியை அளந்த எனக்கு அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. கூழ் இரைப்பையை விட்டு மெதுவாக இறங்குகிறது, சர்க்கரை குடல் சுவரைச் சென்றடையவும் தாமதமாகிறது. கொழகொழப்புதான் மருந்து.

அதுவேதான் இடைஞ்சலும். வாயில் ஒட்டும், வயிறு உப்பும். பலரால் தொடர்ந்து சாப்பிட முடிவதில்லை. அமெரிக்காவில் மெலிவதற்கென்று விற்ற குவார் மாத்திரைகள் உணவுக்குழாயிலேயே ஊறிப் பெருத்து அடைத்துக்கொண்டன. 1990இல் அரசு தலையிட்டது. உணவோடு கலந்து உண்ண வேண்டியதை மாத்திரையாக்கியது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போது தண்ணீரில் தெளிவாகக் கரையும் குவார் நார் கடைகளில் கிடைக்கிறது. குடிக்கச் சுலபம், மலச்சிக்கலுக்கும் உதவும். ஆனால் கொத்தவரையின் பெயரைக் கேட்டு, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்காக அதை வாங்குபவர்கள் முதலில் ஒரு தம்ளரில் கலக்கிப் பார்க்கட்டும். தண்ணீர் தண்ணீராகவே இருந்தால், 1978இல் பலனிழந்த அந்தச் சிதைத்த குவாரின் வகைதான் அது.