வினைத்திறன்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

சொல்லின் வரலாறு சிலவேளை சிந்தனையின் வரலாறாகவும் அமைவதுண்டு. 'எபிசியன்சி' என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. ஈழத்து ஆட்சித் தமிழில் அது 'வினைத்திறன்' என வழங்கும். அரசாங்க சேவையாளர் 'வினைத்திறன் தடை' தாண்டியே மேற்செல்லவேண்டுமென்னும் விதியை ஆசிரியர் யாவரும் அறிவர். ஆயின், இச்சொல் தோன்றிய காலத்தில் அளவையோடு அதற்கு யாதொரு தொடர்பும் இருந்ததில்லை.

இதன் வேர் இலத்தீன் மொழியிலுள்ளது. செய்தல் எனப் பொருள்படும் 'பாக்கெரே' என்னும் வினை, 'எக்ஸ்' என்னும் முன்னொட்டோடு கூடி 'எபிக்கெரே' என்றாகிச் செய்துமுடித்தலைக் குறித்தது. விளைவைச் சுட்டும் 'எபெக்ட்' என்பதும் இவ்வேரிற் கிளைத்ததே.

அரிஸ்டோட்டில் காரணங்களை நான்காக வகுத்தார். அவற்றுள் ஒரு பொருளை இயற்றும் காரணத்தை இடைக்கால அறிஞர் இச்சொல்லாற் குறித்தனர். 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் அதனை விரிவாகக் கையாண்டார். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'எபிசியன்ட்' என்னும் சொல் ஆங்கிலத்திற் புகுந்தது இப்பொருளிலேயாம். சைவசித்தாந்தம் பயின்றோர்க்கு இது புதிதன்று. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். ஆங்கிலச்சொல் முதலிற் சுட்டியது ஏறக்குறைய இக்குயவனது நிலையையே.

இயந்திர யுகம் இப்பொருளை மாற்றியது. 1759இல் ஜோன் சிமீற்றன் நீர்ச்சில்லுகளை ஆராய்ந்து, மேலிருந்து விழும் நீராற் சுழலுஞ் சில்லு, கீழே பாயும் நீராற் சுழலுவதிலும் ஏறத்தாழ இருமடங்கு பயன்தருமெனக் காட்டினார். எனினும் அவர் இச்சொல்லை அதற்குப் பெயராக்கவில்லை. 1827இல் டேவிஸ் கில்பேட், விசையையும் அது செயற்படும் தூரத்தையும் பெருக்கிவரும் தொகைக்கு 'எபிசியன்சி' எனப் பெயரிட்டார். அது விகிதமன்று. கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராங்கின், 1859இல் வெளியிட்ட நீராவி இயந்திர நூலில், செலவிட்ட சத்திக்கும் பெற்ற பயனுக்கும் உள்ள விகிதமாகவே அச்சொல்லை ஆண்டார். செய்வோனைச் சுட்டிய சொல் இவ்வாறு ஓர் எண்ணாயிற்று.

அவ்வெண் பின்னர் மனிதனிடம் வந்தது. 1911இல் அமெரிக்கப் பொறியியலாளர் பிரடெரிக் ரெயிலர், தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரங்கொண்டு அளந்து வேலையை ஒழுங்குபடுத்தும் முறையை நூலாக்கினார். இதன்கண் ஓர் இடர்ப்பாடு உண்டு. இயந்திரத்தில் இடுவதும் பெறுவதும் சத்தியே. ஆதலின் ஒன்றை மற்றொன்றால் வகுத்தல் இயலும். ஆசிரியன் இடுவது காலமும் உழைப்பும். மாணவன் பெறுவது அறிவும் பண்பும். இவற்றுக்குப் பொது அலகு யாது? தேர்ச்சி வீதம் அவ்விடத்தை ஒருவாறு நிரப்பலாம், முழுவதும் நிரப்பமாட்டாது.

1967இல் பீற்றர் திரக்கர், செயலைச் செவ்வனே செய்தல் வேறு, செய்யத்தக்க செயலைத் தேர்தல் வேறு எனப் பிரித்துக் காட்டினார். முன்னையதை வினைத்திறன் என்றும், பின்னையதை விளைதிறன் என்றும் நம்மவர் வழங்குவர். எவ்வளவு சிறந்த சக்கரமும் தான் வனையவேண்டியது குடமோ சட்டியோ எனத் தீர்மானிப்பதில்லை. அது குயவனுக்குரியது. வினைத்திறனை அளக்கப் புகுவோர், அச்சொல்லின் பழம்பொருளிலே அக்குயவன் இருந்தான் என்பதை மறத்தலாகாது.