நரம்புச் செல்லின் வாசலில்

நினைவு எங்கே தங்குகிறது என்ற கேள்வியை நெடுங்காலம் தத்துவத்தின் பொறுப்பில் விட்டிருந்தோம். 1973-ல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு, அதைச் சோதனைக்கூடத்தின் கேள்வியாகவும் ஆக்கியது. முயலின் ஹிப்போகாம்பஸுக்குச் செல்லும் நரம்பிழைகளை அவர்கள் விரைவான மின்துடிப்புகளால் தூண்டினர். அதன்பின் பல மணி நேரம் அந்த நரம்பிணைப்புகள் முன்னிலும் வலுவாக மறுமொழி தந்தன.

வலுத்தது எந்தப் பக்கம்? செய்தியை அனுப்பும் செல்லா, பெறும் செல்லா? இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வாளர்கள் இரு கட்சியாக நின்று வாதிட்டனர். 1995-ல் இரண்டு குழுக்கள் ‘மௌன இணைப்பு’களைக் காட்டின. அவற்றில் குளூட்டமேட்டைப் பெறும் என்எம்டிஏ ஏற்பிகள் இருந்தன. ஆனால் இயல்பான நிலையில் செய்தியைக் கடத்தும் ஆம்பா ஏற்பிகள் செயல்படவில்லை. தக்க தூண்டலுக்குப் பின் அந்த இணைப்புகள் பேசத் தொடங்கின.

அந்த ஏற்பிகள் எங்கிருந்து வந்தன? 1999-ல் ராபர்டோ மாலினோவின் குழு, ஜெல்லிமீனிடமிருந்து பெற்ற பச்சை ஒளிர்புரதத்தை ஆம்பா ஏற்பியோடு பிணைத்து நோக்கியது. செல்லின் உட்புறம் இருந்த ஏற்பிகள் தூண்டலுக்குப் பின் இணைப்பின் முகப்புக்கு நகர்ந்தன. இணைப்பு வலுவிழக்கும்போது ஏற்பிகள் சவ்வுப் பைகளில் உள்ளிழுக்கப்படுவதையும் அக்காலத்து ஆய்வுகள் காட்டின. வாசலில் நிற்கும் ஏற்பிகளின் தொகை, வரவுக்கும் செலவுக்கும் இடையிலான கணக்கு என்று நாம் அறிந்தது இவ்வாறுதான்.

இந்தக் கணக்குப் பிசகினால் மனிதர் தம்மையே இழக்கவும் கூடும். 2007-ல் ஜோசப் டால்மாவும் சகாக்களும் பன்னிரண்டு பெண்களின் நோயை விவரித்தனர். மனநோய் போன்ற குறிகள், வலிப்பு, நினைவிழப்பு, நினைவு தப்பிய கிடப்பு. அவர்களின் உடல் உண்டாக்கிய எதிர்ப்புரதங்கள் என்எம்டிஏ ஏற்பிகளைப் பற்றியிருந்தன. அப்படிப் பற்றப்பட்ட ஏற்பிகள் இணை இணையாகப் பிணைந்து செல்லுக்குள் இழுக்கப்படுகின்றன என்பதைப் பிந்தைய ஆய்வுகள் தெளிவாக்கின. நரம்புச் செல் மடிவதில்லை, வாசல்தான் வெறிச்சோடுகிறது. சோதனைக்கூடத்தில் எதிர்ப்புரதங்களை நீக்கியதும் ஏற்பிகள் மீண்டும் வெளியே வந்தன.

பித்து என்று பெயரிட்டு ஒதுக்கப்படக்கூடிய ஒருவருக்கு நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தைத் தந்து, பலரை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடிவது இதனால்தான். முயலின் மூளையில் எழுந்த வாதம் நோயாளியின் கட்டிலருகே வந்து சேர முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. பயன் தெரியாத நாட்களிலும் அந்த வாதத்தைக் கைவிடாதவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.