அரைப்புள்ளியாக இருந்த புள்ளி

1991 ஒக்டோபரில் வெளிவந்த யுனிகோட் தரத்தின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த இடங்களில் நாங்கள் குடியேறப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சென்றது. தரம் தாளில் இருந்தது. அதை அறிந்த இயங்குதளம் வீட்டு மேசையில் இருக்கவில்லை.

அதுவரை யாரும் கைகட்டி இருக்கவில்லை. 1980களிலும் 90களிலும் கனடாவில் சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிற்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை என்று ஆளுக்கொரு வழி கண்டார்கள். ஈழத்தவரின் சஞ்சிகைகள் பல பாமினி எழுத்துருவில் வளர்ந்தன. அது தட்டச்சுப் பொறியின் விசை ஒழுங்கை ஒட்டியிருந்ததால், ஊரில் தட்டச்சுப் பழகி வந்த என் போன்றவர்களுக்குக் கைவந்ததாக இருந்தது.

பாமினியின் உபாயம் எளிது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைப்பது. ‘தமிழ்’ என்று திரையில் தெரியும். கணினிக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மெய்யின் தலையில் இருக்கும் புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. ரொறன்ரோவிலிருந்து பாரிசுக்கு அனுப்பிய கடிதத்தைத் திறப்பவரிடம் அதே எழுத்துரு இல்லையென்றால், அவருக்குக் கிடைப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்.

இதைச் சீர்செய்ய 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. தமிழ்நாட்டரசு ‘தமிழ்99’ விசைப்பலகையையும் டாம், டாப் என்னும் குறியீடுகளையும் ஏற்றது. இணையத்தில் எழுதியவர்கள் பலர் திஸ்கி என்னும் குறியீட்டைக் கைக்கொண்டார்கள். வழிகள் பெருகின, பொதுவழி மட்டும் அமையவில்லை.

2000 பெப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000, லதா என்னும் தமிழ் எழுத்துருவைத் தன்னுடனேயே கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் வந்த எக்ஸ்பி அந்த வசதியை வீடுகளுக்கு எடுத்துச் சென்றது. நான் எக்ஸ்பியை முதன்முதலில் தொட்டது 2002இல். தமிழ் தானாகத் தெரியாது. மொழி அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டத்தைத் தெரிவுசெய்து, இறுவட்டை இட்டு, கணினியை மீளத் தொடக்க வேண்டும். அதன்பின் நான் செய்த முதல் வேலை, ஒரு கோப்புறைக்கு ‘கொழும்புக் கடிதங்கள்’ என்று பெயரிட்டது. அதுவரை என் கோப்புறைகள் எல்லாவற்றுக்கும் ஆங்கில எழுத்தில்தான் பெயர்.

அந்தப் பெயரின் முதலெழுத்தே எனக்குப் புதிது. தட்டச்சுப் பொறியிலும் பாமினியிலும் ‘கொ’ எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். இங்கே ககரத்தை அடித்து ஒகரக் குறியை அடித்தால், இயங்குதளமே கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைத்தது. உள்ளே ஒலியின் வரிசை. வெளியே வடிவத்தின் வரிசை. கணினி தமிழின் படத்தை அல்ல, தமிழையே வைத்திருக்கத் தொடங்கியது அப்போதுதான். ஒரு சொல்லைத் தமிழில் தேடவும், யாரிடம் என்ன எழுத்துரு இருக்கிறது என்று கேளாமல் அனுப்பவும் முடிந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும் இந்த அடித்தளத்தின் மேல்தான்.

ஆனால் எங்கள் போர்க்கால எழுத்தின் பெரும்பகுதி அதற்கு முந்தியது. பாமினியில் கிடக்கும் ஒரு சிறுகதையை எந்தத் தேடுபொறியும் தமிழ் என்று அறியாது. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன; ஆனால் இது எந்தக் குறியீடு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். இடையில் வரும் ஆங்கிலச் சொல்லையும் கருவி தமிழ் என்று எண்ணிச் சிதைக்கும். அதைத் திருத்தவும் ஓர் ஆள் வேண்டும். அச்சிட்ட இதழ்களை 2005 முதல் நூலகம் வருடிப் பாதுகாத்து வருகிறது. அச்சேறாமல் நெகிழ்தட்டிலும் இறுவட்டிலும் தங்கியவற்றை யாரும் வருட முடியாது.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் முன் இருந்த ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எது மெய், எது உயிர்மெய் என்பதைப் படித்தறிந்தே பதிப்பிக்க வேண்டியிருந்தது. பாமினிக் கோப்புகளுக்கும் அப்படிப் படித்தறிபவர் தேவை. அந்த விசைகளைக் கையால் பழகிய தலைமுறை இன்று அறுபதைக் கடந்துவிட்டது. வீட்டின் நிலவறையில் பழைய நெகிழ்தட்டுப் பெட்டி வைத்திருப்பவர்கள் இந்தக் குளிர்காலத்திலேயே அதைத் திறந்து பாருங்கள். மாற்றுவதற்குத் துணை வேண்டுமென்றால், பாமினி படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறோம்.